குப்பைக் கவருக்குள் ஊசியா? அக்கா சொல்றதைக் கேளு!

முதலில் உன் வீட்டுக் குப்பைக்கூடையை ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வா. கையை உள்ளே விடாதே, மேலாகப் பார்த்தால் போதும். அப்பாவுக்குக் காலையில் போட்ட இன்சுலின் ஊசி வாழைப்பழத் தோலுக்கு அடியில் கிடக்கும். சுகர் பார்த்த ஸ்ட்ரிப், ரத்தம் துடைத்த பஞ்சு, குழந்தையின் டயாப்பர், போன வருஷத்து இருமல் சிரப் பாட்டில் என்று எல்லாம் ஒரே கவரில். கவர் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டதும் உனக்கு வேலை முடிந்துவிட்டது. பேட்டரி வண்டியில் வருகிற பெண்ணுக்கு வேலை தொடங்குவதே அந்த முடிச்சில்தான். அதை அவர் கையால்தான் அவிழ்க்க வேண்டும். பல ஊர்களில் அந்தக் கையில் உறை இருக்காது. இருந்தாலும் ரப்பர் உறையை ஊசி மதிக்காது.

நான் வார்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். ஆஸ்பத்திரியில் ஒரு சிரிஞ்ச் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்பே, அது கடைசியில் எந்த டப்பாவுக்குப் போகும் என்று தெரிந்திருக்கும். 2016-ல் வந்த உயிரி மருத்துவக் கழிவு விதிகள் அப்படி. ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத் துணி, காலாவதியான மருந்து எல்லாம் மஞ்சள் பை. சலைன் டியூப், யூரின் பேக், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்ச் சிவப்பு. ஊசியும் பிளேடும் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பா. மருந்து வந்த கண்ணாடிக் குப்பி நீலம். ரத்தம் தோய்ந்த கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் அங்கே தேங்க விடக்கூடாது. ஆஸ்பத்திரிக் குப்பை எல்லாமே ஆபத்து என்று பயப்படவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அதில் சுமார் 85 சதவீதம் நம் வீட்டுக் குப்பை மாதிரி சாதாரணக் குப்பைதான். மீதி 15 சதவீதத்தை அதோடு கலந்துவிட்டால்தான் மொத்தமும் கெட்டது.

இப்போது வீட்டுக் கதைக்கு வா. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் மட்டும் 10 கோடிப் பேர் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. நம் ஊரில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை, பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சை, டயாலிசிஸ் பை வரைக்கும் வாசலுக்கே வருகின்றன. நல்ல காரியம். ஆனால் வார்டு வீட்டுக்கு வந்த வேகத்துக்கு அந்தக் கலர் டப்பாக்கள் வந்து சேரவில்லை. அதை நீயேதான் ஏற்பாடு பண்ணிக்கொள்ள வேண்டும்.

உனக்கு நேரமில்லை, தெரியும். அதனால் நாலு கலரெல்லாம் வேண்டாம். ஊசிக்கு ஒரு டப்பா, மருந்துக்கு ஒரு டின், டயாப்பர், கட்டுத் துணிக்குப் பழைய பேப்பர் ஒரு கட்டும் சிவப்பு மார்க்கர் ஒன்றும். சாதம் வேகிற நேரத்தில் இந்த மூன்றையும் எடுத்து வைத்துவிடலாம்.

1. ஊசி டப்பாவை இன்றைக்கே வை

மற்றதெல்லாம் நாளைக்கு ஆனாலும் பரவாயில்லை. இது மட்டும் இன்றைக்கு.

• துணி துவைக்கிற லிக்விட் வந்த கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் காலியாகிக் கிடக்கும். கழுவிக் காயவைத்து அதை எடு. திருகு மூடி இருக்க வேண்டும், அமுக்கினால் நசுங்கக்கூடாது. தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஊசி அதைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பால் கவர், மாத்திரை அட்டைப்பெட்டி, பேப்பர் சுருட்டல் எதுவும் வேண்டாம். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. கீழே விழுந்து உடைந்தால் ஒரு ஆபத்து இரண்டாகும்.

• வெளியே பெரிய எழுத்தில் எழுது: "ஊசி. திறக்க வேண்டாம்." ஆங்கிலத்தில் எழுதி அறிவைக் காட்டாதே. படிக்க வேண்டியவர் படிக்கிற மொழியில் எழுது.

• ஊசி போடும் இடத்திலேயே டப்பா இருக்கட்டும், குழந்தைக்கு எட்டாத உயரத்தில். சமையலறையில் ஊசி போட்டுக்கொண்டு டப்பாவைப் பின்கட்டில் வைத்தால், ஊசி நேரே சிங்க் மேடையில்தான் உட்காரும். அங்கே பாத்திரம் தேய்க்க வருகிறவர் கையில் ஏறும்.

• சிரிஞ்ச் ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டாதே. பத்திரமாக மூடுகிறேன் பேர்வழி என்று மாட்டும்போதுதான் பலருக்கும் விரலில் குத்துகிறது. அப்படியே டப்பாவில் போடு. வளைக்காதே, உடைக்காதே, கத்தரிக்கோலால் நறுக்காதே. நறுக்கினால் முனை எங்கே தெறிக்கும் என்று உனக்குத் தெரியாது.

• இன்சுலின் பேனா என்றால், பெரிய வெளிமூடியை மேஜை மேல் நிற்கவைத்து, ஒரு கையால் ஊசியை அதற்குள் இறக்கி, திருகிக் கழற்றி டப்பாவில் போடு. உள்ளே இருந்த குட்டி மூடியைத் திரும்ப மாட்டத் தேவையில்லை. பேனாவிலேயே ஊசியை விட்டுவைக்கிற சோம்பேறித்தனமும் வேண்டாம்.

• சுகர் பார்க்க விரலில் குத்தும் லான்செட்டும் ஊசிதான். சின்னதாக இருப்பதால் யாரும் அதை ஊசிக் கணக்கில் சேர்ப்பதில்லை. துடைப்பத்தில் மாட்டி, பாயில் சிக்கி, கடைசியில் தவழும் குழந்தையின் முழங்காலில் ஏறும். அதுவும் டப்பாவுக்குள்ளே.

• முக்கால் பங்கு நிறைந்ததும் போதும். மூடியை இறுக்கி, சுற்றி டேப் ஒட்டி, அடுத்த டப்பாவை எடு. "இன்னும் நாலு ஊசி கொள்ளும்" என்று விரலால் அமுக்குகிற ஆளை நான் வார்டிலேயே பார்த்திருக்கிறேன். படித்தவர்தான்.

• பஸ், ரயில் பயணத்துக்கு, திருகு மூடி உள்ள மாத்திரை டப்பா ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள். ரயில் ஜன்னல் வழியாக ஊசியை எறிகிறவர்களைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று இங்கே எழுத முடியாது.

நிறைந்த டப்பாவை என்ன பண்ணுவது என்கிறாயா? அதற்குத் தனியாக வருகிறேன். அதுவரை பொறு.

2. குத்திவிட்டால்

உனக்கோ, வீட்டு வேலைக்கு வருகிறவருக்கோ, குப்பை எடுப்பவருக்கோ, யாருக்குக் குத்தினாலும் முறை ஒன்றுதான்.

• ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவு. பிதுக்காதே, வாயில் வைத்து உறிஞ்சாதே, மஞ்சள் தூள் வைக்காதே. டெட்டாலோ பிளீச்சிங் பவுடர் தண்ணீரோ ஊற்றி எரிச்சலைக் கிளப்பாதே.

• அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போ. "சின்னக் குத்துதானே" என்று நாளைக்குத் தள்ளாதே. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே ஆரம்பித்தால் இன்னும் நல்லது. 28 நாள் சாப்பிட வேண்டும். தேவையா, வேண்டாமா என்று டாக்டர் சொல்வார், நீ முடிவு பண்ணாதே. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் போட்டுக் கேள்.

• எல்லோரும் எச்.ஐ.வி.க்குத்தான் பயப்படுகிறார்கள். நான் அதைவிட ஹெபடைடிஸ் பி-க்குப் பயப்படுவேன். தொற்று உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் சி 1.8 சதவீதம். ஹெபடைடிஸ் பி, தடுப்பூசி போடாதவருக்கு 30 சதவீதம் வரை. அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில் 7 நாள் வரைகூட உயிரோடு இருக்கும். "காய்ந்துபோச்சு, ஒண்ணும் ஆகாது" என்று இனிமேல் சொல்லாதே.

• நல்ல செய்தி, இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. மூன்று டோஸ். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவள் நீ என்றால் போட்டுக்கொண்டாயா என்று பார். உன் வீட்டில் வேலை செய்கிறவருக்கும் போட ஏற்பாடு பண்ணு. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறாய் அல்லவா, அதோடு இதையும் சேர்த்துக்கொள்.

3. மாத்திரை டின்னைக் கொட்டிப் பார்

நம் வீடுகளில் ஃபிரிட்ஜ் மேலே ஒரு டின் இருக்கும். பிஸ்கட் வந்த டின். அதற்குள் தாத்தா காலத்து மாத்திரையிலிருந்து போன வாரத்து மாத்திரை வரை எல்லாம் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கொட்டித் தேதி பார். காலாவதியானதைத் தனி டின்னில் போட்டு, மேலே சிவப்பில் பெருக்கல் குறி போட்டு, உயரத்தில் வை.

செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

• டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதே, சிரப்பை சிங்க்கில் கவிழ்க்காதே. சாக்கடைக்கும் செப்டிக் டேங்க்குக்கும் மருந்தைப் பிரித்தெடுக்கத் தெரியாது. ஆன்டிபயாடிக் தண்ணீரில் கலந்துகொண்டே இருந்தால், அங்கே இருக்கிற கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்ளும். அப்புறம் உனக்கு நிஜமாகவே காய்ச்சல் வரும்போது அந்த மருந்து வேலை செய்யாது. மாத்திரை அட்டையின் பின்பக்கம் நெடுக்காக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து. அந்தக் கோட்டைக் கவனிக்கச் சொல்லி 2016-லேயே மத்திய அரசு பிரசாரம் செய்தது. நாம்தான் அட்டையைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

மருந்து நம் உடம்போடு முடிந்துபோகிற சமாச்சாரம் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி சொல்லட்டுமா? மாட்டுக்கு வலி நிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. இந்தியாவில் அந்த இனங்கள் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். நமக்கு மூட்டு வலிக்குக் கொடுக்கிற அதே மருந்துதான்.

• மீந்த ஆன்டிபயாடிக்கை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்து வைக்காதே. பக்கத்து வீட்டுக்காரிக்கும் கொடுக்காதே. டாக்டர் சொன்ன நாள் முழுக்கச் சாப்பிட்டிருந்தால் மீந்திருக்கவே கூடாது.

• அட்டை அட்டையாக, பாட்டில் பாட்டிலாக அப்படியே குப்பையில் போடாதே. பொறுக்கி எடுத்துத் துடைத்து விற்றுவிடுவார்கள். குழந்தை எடுத்து வாயில் போட்டாலும் போச்சு.

இனி, செய்ய வேண்டியது. வாங்கிய ஆஸ்பத்திரியிலோ மெடிக்கல் ஷாப்பிலோ திருப்பி வாங்கிக்கொள்வார்களா என்று முதலில் கேள். கேரளாவில் வீட்டில் தேங்கிய மருந்தைச் சேகரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே ஒரு திட்டம் ஆரம்பித்திருக்கிறது. நம் ஊரிலும் கேட்டால்தான் வரும். யாரும் வாங்கவில்லை என்றால், மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து, பழைய டீத்தூள் சக்கை அல்லது மண்ணோடு கலந்து, கெட்டிக் கவரில் கட்டி மக்காத குப்பையில் போடு. மண்புழு உரத் தொட்டியில் போட்டுவிடாதே. சிரப்பையும் இப்படித்தான். அட்டையைக் குறுக்கே வெட்டு, பாட்டில் லேபிளைக் கிழி. கீமோ மாத்திரைக்கு மட்டும் இந்த வழி கிடையாது. அதைக் கையால் பிரிக்கவே கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்கு.

டாய்லெட்டில் போடாதே என்றதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. புற்றுநோய் வலிக்குத் தரும் மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால் போன்ற மருந்துகள். இவை தப்பான கைக்குப் போனால் உயிரே போகும். ஒட்டி எடுத்த ஃபென்டனில் பட்டையில் மிஞ்சி இருக்கிற மருந்துகூட ஒரு குழந்தையைக் கொல்லப் போதும். மிச்சத்தை வலி தணிப்பு மையத்தில் திருப்பிக் கொடுப்பது முதல் வழி. முடியாவிட்டால் டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் விடலாம் என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் 17 மருந்துகளுக்குப் பட்டியல் கொடுத்தது. பட்டை என்றால் ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்துப் போடு.

குப்பையைக் குறைக்க ஒரு குறுக்கு வழியும் சொல்கிறேன். புது மருந்து எழுதினால் முதலில் 10 நாளுக்கு மட்டும் வாங்கு. ஒத்துக்கொள்ளாமல் டாக்டர் மாற்றிவிட்டால் இரண்டு மாத மருந்து வீணாகக் கிடக்காது.

4. டயாப்பர், நாப்கின், கட்டுத் துணி

• டயாப்பரில் மலம் இருந்தால் அதை முதலில் டாய்லெட்டில் தட்டிவிடு. பெரியவர்களுக்குப் போடும் டயாப்பருக்கும் இதேதான். மூக்கைச் சுளித்துக்கொண்டு அப்படியே சுருட்டிப் போட்டால், உன் அம்மாவின் மலத்தை யாரோ ஒருவர் கையால் அள்ளுகிறார் என்று அர்த்தம். நேராகச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

• இறுக்கச் சுருட்டி, பழைய பேப்பரில் பொட்டலம் கட்டி, சிவப்பு மார்க்கரால் ஒரு பெரிய புள்ளி வை. புனேயில் குப்பை சேகரிக்கும் பெண்களே கேட்டு வாங்கிய பழக்கம் இது. புள்ளியைப் பார்த்தால் பிரிக்க மாட்டார்கள். கறுப்புக் கவரில் போட்டு மறைத்தால் "உள்ளே என்னவோ" என்று பிரித்துத்தான் பார்ப்பார்கள்.

• டாய்லெட்டில் நாப்கின் போடாதே. அடைத்துக்கொண்டால் அதற்குள் இறங்குவது ஒரு மனிதர்.

• புண்ணுக்குக் கட்டிய துணி, சீழ் துடைத்த பஞ்சு, சுகர் ஸ்ட்ரிப் எல்லாம் இதே பொட்டலத்துக்கு. நாய், காக்கா இழுக்காதபடி வண்டி வரும்போது கையில் கொடு. முதல் நாள் ராத்திரியே வாசலில் வைக்காதே.

• யூரின் பேக், மூக்குக் குழாய், மலப்பை: உள்ளே இருப்பதை டாய்லெட்டில் மெதுவாக, கோப்பைக்குப் பக்கத்தில் பிடித்துக் கொட்டு. உயரத்திலிருந்து ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். அலசி, வெட்டி, பொட்டலம் கட்டு. வெட்டுவது எதற்கு என்றால், முழுசாக இருந்தால் திரும்பக் கடைக்கு வந்துவிடும்.

• தரையில் ரத்தம் சிந்தினால் உடனே மாப்பை எடுத்துக்கொண்டு ஓடாதே, வீடு முழுக்கப் பரப்பிவிடுவாய். கையுறை போட்டு, பழைய துணியால் மூடி, ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து அதன்மேல் ஊற்று. 10 நிமிஷத்துக்குக் குறையாமல் விட்டுத் துடை. பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் கழுவும் ஆசிட்டைச் சேர்த்துவிடாதே. அதிலிருந்து வருவது குளோரின் வாயு, மூச்சை அடைத்துவிடும்.

5. வீட்டில் டயாலிசிஸ், கீமோ இருந்தால்

வயிற்று வழி டயாலிசிஸில் ஒரு நாளைக்கு மூன்று நாலு பை மாறும். வெளியே வந்த திரவம் தண்ணீர் மாதிரித் தெரிந்தாலும் உடம்பிலிருந்து வந்தது. ரத்தம் மாதிரியே மதி. டாய்லெட்டில் தாழப் பிடித்து ஊற்றி, மூடியை மூடித் தண்ணீர் விடு. செடிக்கு ஊற்றாதே, உப்பும் சர்க்கரையும் கலந்த திரவம் அது. காலிப் பைகள் நிறையச் சேரும் என்பதால், அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று டயாலிசிஸ் மையத்தில் முதல் நாளே கேட்டுவிடு.

கீமோ எடுத்தவரின் சிறுநீர், மலம், வாந்தியில் குறைந்தது 48 மணி நேரம் மருந்து வெளியே வந்துகொண்டிருக்கும். கையுறை இல்லாமல் தொடாதே. டாய்லெட்டில் இரண்டு முறை தண்ணீர் விடு. அவர் துணியைத் தனியாகத் துவை. டயாப்பர் என்றால் இரட்டைக் கவர். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலைகளை அவளிடம் கொடுக்காதே. நோயாளியைத் தொடக் கூடாது என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. கட்டிப்பிடி, பக்கத்தில் உட்கார், சேர்ந்து சாப்பிடு.

6. தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தைத் தொடாதே

பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரில் பாதரசம் இருக்கிறது. உடைந்ததும் மணி மணியாக ஓடும், குழந்தைகளுக்கு விளையாட்டு. எல்லோரையும் வெளியே அனுப்பு. மின்விசிறியை நிறுத்து, ஜன்னலைத் திற. துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் அதைப் பொடியாக்கிக் காற்றில் கலக்கும், தொடாதே. இரண்டு கெட்டி அட்டையால் மணிகளை ஒன்றுசேர்த்து, டேப்பால் ஒற்றி எடுத்து, கொஞ்சம் தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு இறுக மூடு. டார்ச்சைத் தரையோடு பிடித்துப் பார்த்தால் ஒளிந்த மணிகள் மின்னும். தங்க நகையைக் கழற்றிவிட்டுச் செய், பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று பாதரசக் கழிவால் 2001-ல் மூடப்பட்டது. அந்த மண்ணைச் சுத்தம் பண்ணுகிற வழக்கு அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் இழுத்தது. சாயங்காலமே போய் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கு.

7. சின்னச் சாமான்கள்

• குளுக்கோமீட்டர், டிஜிட்டல் தெர்மாமீட்டரில் இருக்கும் வட்டப் பேட்டரி: குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயை 2 மணி நேரத்திலேயே அரிக்கத் தொடங்கும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடு. பழையதை இரண்டு பக்கமும் டேப் ஒட்டி எடுத்து வை.

• இன்ஹேலர் டப்பா காலியானாலும் உள்ளே அழுத்தம் இருக்கும். ஓட்டை போடாதே, தீயில் போடாதே.

• சிரிஞ்சைக் குழந்தைக்கு விளையாடக் கொடுக்காதே. கலர் தண்ணீர் பீய்ச்சவும், தையல் மெஷினுக்கு எண்ணெய் விடவும் அது ரொம்ப வசதிதான். புதுசாக ஒன்று வாங்கிக்கொள், ஐந்து பத்து ரூபாய். பழையது வேண்டாம்.

8. எரிக்காதே

"கொல்லையில் போட்டு எரித்துவிட்டேன் அக்கா, சுத்தமாகப் போச்சு" என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பேச்சே வருவதில்லை. எங்கேயும் போகவில்லை, உன் மூக்குக்குள் போயிருக்கிறது. சலைன் பை, டியூப் பலதும் பி.வி.சி. பிளாஸ்டிக். குறைந்த சூட்டில் எரிந்தால் டையாக்சின் என்ற விஷம் வரும், புற்றுநோயை உண்டாக்குவது. மருத்துவக் கழிவு எரிக்கும் உலையில் இரண்டாவது அறை 1,050 டிகிரி அளவில் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். உன் கொல்லைத் தீ அதன் பக்கத்தில்கூட வராது. ஊசியோ எரியவே எரியாது, சாம்பலுக்குள் கூர்மையாகக் காத்திருக்கும்.

9. வீட்டுக்கு வருகிறவரையும் தெரு கிளினிக்கையும் கண்காணி

ரத்தம் எடுக்க வீட்டுக்கு வருகிற லேப் தம்பி, ஊசி போட வருகிற நர்ஸ் இருவரிடமும் கூச்சப்படாமல் கேள்: "ஊசியைப் போட டப்பா கொண்டு வந்தீங்களா?" கொண்டு வந்து, கொண்டு போக வேண்டும். உன் குப்பைக்கூடையைத் தேடினால் அந்த லேபை மாற்று. பாக்கெட்டை உன் கண் முன்னால் பிரிக்கச் சொல்வதும் உன் உரிமை.

2009-ல் குஜராத்தில் மோடாசா பகுதியில் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். போட்ட ஊசியையே திரும்பப் போட்டதும், பழைய சிரிஞ்ச் கைமாறி விற்கப்பட்டதும் அப்போதுதான் வெளியே வந்தன. குப்பையில் முழுசாகப் போகிற சிரிஞ்ச் திரும்பி வரும் என்பது கட்டுக்கதை இல்லை.

ஒரு டாக்டர் மட்டும் உட்காரும் கிளினிக்குக்கும் அந்த 2016 விதிகள் பொருந்தும். பின்பக்கக் காலி மனையில் சிரிஞ்ச் கிடப்பதைப் பார்த்தால் போட்டோ எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பு. கையால் எடுத்துச் சுத்தம் பண்ணப் போகாதே.

2024 டிசம்பரில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவு திருநெல்வேலிப் பக்கம் கோடகநல்லூர், நடுக்கல்லூர் கிராமங்களில் கொட்டிக் கிடந்தது நினைவிருக்கும். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டதும் லாரிகளைக் கொண்டுவந்து கேரளத்து அதிகாரிகளே அள்ளிக்கொண்டு போனார்கள். 2025-ல் மருத்துவக் கழிவைக் கொட்டுகிறவர்களைத் தடுப்புக் காவலில் வைக்க நம் சட்டமன்றம் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. அன்றைக்குக் கொதித்த நம் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் எத்தனை பேர் ஊசிக்கு டப்பா வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். குரூப்பே அமைதியாகிவிட்டது.

10. நிறைந்த டப்பாவை யாரிடம் கொடுப்பது?

2016-லேயே வந்த திடக்கழிவு விதிகளில் பயன்படுத்திய ஊசி, காலாவதி மருந்து, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர் எல்லாம் வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகவே எழுதியிருந்தது. அதை வாங்கிவைக்க உள்ளாட்சி மையம் அமைக்க வேண்டும் என்றும் இருந்தது, 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. எழுதியதெல்லாம் நடந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. அதனால் இந்த வரிசையில் போ:

• அப்பாவுக்கு இன்சுலின் எழுதும் ஆஸ்பத்திரி அல்லது கிளினிக். அவர்களிடம் வெள்ளை டப்பா இருக்கிறது, எடுத்துப்போக வண்டியும் வருகிறது. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது டப்பாவையும் எடுத்துப் போ. முகம் சுளித்தால் டாக்டரிடமே கேள். பலர் சரி என்றுதான் சொல்வார்கள், யாரும் கேட்காததால்தான் செய்வதில்லை.

• பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். அங்கேயும் அதே டப்பா, அதே வண்டி.

• மாநகராட்சி, நகராட்சி சுகாதார ஆய்வாளர். அபாயக் கழிவு எந்த நாளில், எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்டு, நாள்காட்டியில் குறித்துவை. அபார்ட்மென்ட் என்றால் சங்கக் கூட்டத்தில் ஒரு பொது டப்பாவுக்குப் பேசு. பத்து வீட்டுக்கு ஒரே நடை.

• எதுவும் கைகூடாவிட்டால், டேப் ஒட்டிய டப்பாவைக் குப்பையோடு சேர்க்காமல் வண்டிக்காரரின் கையில் தனியாகக் கொடு. "இதில் ஊசி இருக்குங்க, திறக்காதீங்க" என்று வாயால் சொல். அவர் பேரையும் கேட்டுத் தெரிந்துகொள். தினமும் வாசலுக்கு வருகிறவர் பேர் தெரியாமல் இருப்பது நமக்கு அழகில்லை.

தம்பிகளே, இதெல்லாம் அக்கா தங்கைகளுக்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அப்பாவுக்கு ஊசி போடுவது அவள் என்றால், டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுப்பது உன் வேலை.

சரி, போதும். காலி லிக்விட் பாட்டில் குளியலறையில் கிடக்கும் பார். எழுந்து போய் எடு.